பூமிக்கு வராத கப்பல்

பீர் முகம்மது துபாயிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தால், சுகமா, உடம்பு எப்படி என்று ஒருத்தியும் கேட்பதில்லை. "காப்டன் தப்பிச்சாரா?" என்பதுதான் முதல் கேள்வி. அவனுக்கு எந்தக் காப்டனைத் தெரியும்? பம்பாய்க்கும் துபாய்க்கும் போய்வரும் கப்பலில் சமையல்கட்டு வேலை பார்க்கிறவன். துபாயில் வேலை பார்க்கும் ஸதக்கத்துல்லாஹ் கொடுத்துவிட்ட கேஸட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, அவன் வீட்டில் ஒப்படைப்பதோடு பீர் முகம்மதுவின் பொறுப்பு முடிந்தது.

"எங்க கப்பல் காப்டனத்தான் எனக்குத் தெரியும் லாத்தா. அவரு நல்லாத்தான் இருக்காரு, வேளாவேளைக்குத் திங்கிறாரு" என்று சொல்லிவிட்டு அவன் நடையைக் கட்டினான்.

கேஸட்டை வாங்கிய ரஹ்மத்துன்னிஸாவுக்கு அந்தக் காப்டன் தப்பித்தாலும் ஒன்றுதான், தொலைந்தாலும் ஒன்றுதான். அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. அவள் மாப்பிள்ளை ஸதக்கத்துல்லாஹ்வின் அக்ரிமெண்ட் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் முடிகிறது. ஊருக்கு வரப்போகிறாரா, இல்லை மறுபடியும் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே கிடக்கப்போகிறாரா? அவர் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த ஆயிஷா இப்போது சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். வாப்பா என்றால் அவளுக்கு டேப் ரிக்கார்டர்தான். யாராவது "உங்க வாப்பா எங்கேளா?" என்று கேட்டால் அது இருக்கும் அலமாரியைக் கை காட்டுவாள்.

மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் முடுக்கு வழியாகப் பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்கு வீடு போய்வரப் பெண்களுக்கென்றே விட்ட சந்து அது. காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ வேண்டும். உம்மா மவுத்தான பிறகு அந்த வீட்டில் ரஹ்மத்தும் பிள்ளையும்தான். டேப் ரிக்கார்டர் வந்ததிலிருந்து வீடு சந்தைக்கடை ஆகிவிட்டது.

முதலில் வந்தவள் மாமி முத்து கதீஜா, ஸதக்கத்துல்லாஹ்வைப் பெற்றவள். டேப் ரிக்கார்டருக்கு நேர் எதிரே இருக்கும் இடம் அவளுடையது. அங்கே வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு ஊர் இரண்டுபடும். அடுத்து வந்தாள் பக்கத்து வீட்டு சாரா லாத்தா, கையில் ஒரு தட்டு நிறைய வாடாப் பலகாரத்தோடு. வாயில் ஒன்றை மென்றுகொண்டே, "நேத்து அஸருக்கு அந்தக் காப்டனுக்கும் சேத்துத்தான்ளா துஆ கேட்டேன்" என்றாள்.

"அவன் என்ன நம்ம கூட்டமா, உனக்குத் தாய்மாமனா? கிறுக்கச்சி!" என்று மாமி அதட்டினாள்.

"மனுசன்தானே மாமி. ஆகாசத்துல தனியாத் தொங்குதான்லா."

ரஹ்மத் பட்டனை அமுக்கினாள்.

முதலில் சலாம். அவனுடைய சலாமுக்கு ஒரு முறை உண்டு. முதலில் தன் உம்மா, பிறகு பெரியம்மா, சாச்சிமார், லாத்தாமார், பக்கத்து வீடு, எதிர்வீடு என்று வயதுப்படி இறங்கி வரும். தன் பெயர் வந்ததும் ஒவ்வொருத்தியும் "வ அலைக்கும் ஸலாம்" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்வாள், ஏதோ அவனே உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி. கடைசியாக, "ஆயிஷாவுக்கும் ஆயிஷா உம்மாவுக்கும் சலாம்." அவ்வளவுதான் ரஹ்மத்தின் பங்கு. பெற்றவள் முன்னால் பெண்டாட்டி பேரைச் சொல்ல எந்த மகனுக்கு வாய் வரும்?

பிறகு கதை தொடங்கியது.

அவன் தங்கியிருக்கும் கேம்பில் சாப்பாட்டு அறையில் ஒரு டெலிவிஷன் இருக்கிறதாம். அதில் வாரம் ஒருநாள் இங்கிலீஷ் தொடர் ஒன்று வருகிறதாம். ஆகாயத்தில் ஒரு கப்பல். அதில் ஒரு காப்டன், ஒரு டாக்டரம்மா, நடக்கவும் பேசவும் செய்யும் ஓர் இரும்பு மனிதன். வழி தவறிப் போன அந்தக் கப்பல் பூமியைத் தேடி அலைகிறது. தெருவில் ஒருத்தியும் டெலிவிஷனைக் கண்ணால் கண்டதில்லை. மெட்ராஸில் வந்துவிட்டது என்று கேள்விதான். ஆனாலும் அந்த இரும்பு மனிதனின் மூக்கு எப்படி இருக்கும் என்று சாரா லாத்தாவிடம் கேட்டால் வரைந்தே காட்டிவிடுவாள். பெண்கள் அவனுக்கு 'இரும்புக் காக்கா' என்று பேர் வைத்து, அண்ணன் முறையும் கொண்டாடிவிட்டார்கள்.

"அப்ப அந்தக் கண்ணாடி வழியாப் பாத்தா, நீலமா ஒண்ணு தெரியுது" என்றது ஸதக்கத்துல்லாஹ்வின் குரல். "டாக்டரம்மா கத்துறா, பூமி, பூமின்னு. எல்லாருக்கும் கண்ணுல தண்ணி. காப்டன் கப்பல இறக்குறாரு. இறங்கியாச்சு. கதவத் தெறக்கப் போறாரு. அப்பத்தான் இரும்புக் காக்கா சொல்லுதாவோ, 'தெறக்காதீங்க, வெளியில மூச்சுச் சத்தம் கேக்குது' அப்படீன்னு. காப்டன் கைய எடுக்குறதுக்குள்ள, கதவு தானாத் தெறக்குது..."

பேட்டரி தீரும் நேரம். கதவு திறக்கும் இடத்தில் குரல் இழுத்து இழுத்துத் தடித்தது. பெண்கள் வாடாவைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

"...மிச்சம் அடுத்த கேஸட்ல. எல்லாருக்கும் சலாம்."

"அல்லாவே!" என்று சாரா லாத்தா நெஞ்சில் கை வைத்தாள். "பாவி மனுசன், எந்த இடத்துல நிப்பாட்டுறான் பாத்தியா!"

அக்ரிமெண்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரஹ்மத் எழுந்து தேயிலை போடப் போனாள். அடுப்பைப் பார்த்து நின்றபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஒரே அலுப்பு, காலில் ஈயத்தைக் கட்டிவிட்ட மாதிரி. பூமி கண்ணுக்குத் தெரிந்ததாம், கதவு திறந்ததாம்! எத்தனை தடவை தெரிந்துவிட்டது அந்தப் பூமி!

முதல் கதை வந்தபோது அவளும்தான் கிடந்து தவித்தாள். அதை மறுப்பானேன்? காப்டனை ஒளியால் ஆன ஒரு பூதம் விழுங்கிய வாரம் அவள் சரியாகச் சோறு தின்னவில்லை. சட்டியில் மீன் கருகியதுகூடத் தெரியாமல், இனி என்ன ஆகும், இனி என்ன ஆகும் என்று அதே நினைப்பு. அடுத்த கேஸட்டில் பூதம் காப்டனைத் துப்பிவிட்டது. அதற்கடுத்த தடவை கப்பலில் தீப்பிடித்தது, அணைந்துவிட்டது. அதற்கடுத்து டாக்டரம்மா செத்துப்போனாள், பிறகு சாகவில்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஊர் பக்கத்தில் வரும்; ஏதோ ஒன்று குறுக்கே வந்து தள்ளிவிடும்.

ஒருநாள் சோளகக் காற்று மண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. பெருக்கிக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இவர்கள் ஒருநாளும் பூமிக்கு வரமாட்டார்கள். வந்துவிட்டால் கதை முடிந்துபோகுமே, எப்படி வருவார்கள்? பூதமும் தீயும் எல்லாம் சும்மா, வரவிடாமல் பண்ணுவதற்கான சாக்கு. இது தெரிந்த பிறகு ஒருத்தி எப்படி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்க முடியும்? அன்றோடு அவளுக்கு அந்தக் கப்பல் விட்டுப்போயிற்று.

கப்பலோடு இன்னொன்றும் விளங்கியது. மாமியின் இளைய மகள் ஜைனம்புக்கு நிக்காஹ் பேசி வைத்திருக்கிறது. பெண்ணுக்கு வீடு இல்லாமல் காயல்பட்டினத்தில் நிக்காஹ் நடக்குமா? வாப்பா இல்லாத குடும்பத்தில் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டியவன் காக்காதான். அஸ்திவாரம் போட ஒரு அக்ரிமெண்ட். சுவர் எழும்ப இன்னொன்று. இனி கூரை இருக்கிறது, தளம் இருக்கிறது, கதவு ஜன்னல் இருக்கிறது. ஸதக்கத்துல்லாஹ்வும் அந்தக் கப்பல் மாதிரி ஒவ்வொரு தடவையும் ஊரைப் பார்த்து இறங்கத்தான் செய்கிறான், வந்து சேர்வதுதான் இல்லை.

தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எடுக்கிற வேலையில்தான் அவன் முன்னால் இருந்தான். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய, மஃரிபுக்கு வீட்டில் இருப்பான். சட்டையெல்லாம் உப்பும் கரித்தூளும். ஆனால் ஆள் வீட்டில் இருப்பான்.

மறுநாள் பதில் பேசும் நாள். கேஸட்டின் ஒரு பக்கம் அவனுக்கு, மறுபக்கம் வீட்டுக்கு. பீர் முகம்மது திரும்பிப் போகும்போது கொண்டுபோவான். மாமி முதலில் பேசினாள். பேசினாள் என்ன, ஓதினாள். நீண்ட துஆ. பிறகு ஜைனம்பு வீட்டுச் சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது, கொத்தனார் எப்படி ஏய்க்கிறான் என்ற விவரம். பிறகு பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். கதவு திறந்ததும் வந்தது யார்? மூச்சு விட்டது மனிதனா மிருகமா? இரும்புக் காக்காவுக்கு ஒன்றும் ஆகிவிடாதே? சாரா லாத்தா ஒருத்தியே கால்வாசி டேப்பைத் தின்றாள்.

"ஏளா ரஹ்மத்து, நீயும் ரெண்டு வார்த்த சொல்லு" என்றாள் மாமி.

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். முதல் கேஸட்டுக்குப் பதில் பேசிய அன்றும் இதே பார்வைதான். வெட்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்: 'கதை நல்லா இருந்துச்சு. மிச்சத்தையும் சொல்லுங்க.' அந்தப் பாவி மனிதன் அதை அப்படியே நம்பிக்கொண்டு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"சுகமா இருக்கோம். நீங்க சுகந்தானே" என்று முடித்துக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் முற்பகலில் தெருவே ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தது. தலைவலி என்று சொல்லி ரஹ்மத் தங்கிவிட்டாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில். முடுக்குக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு டேப் ரிக்கார்டரைக் கீழே இறக்கினாள். டேப்பில் பேச இடமே இல்லை. கடைசிவரை சாரா லாத்தா. கொஞ்சம் யோசித்தாள். பிறகு தேவையான அளவு பின்னால் ஓட்டி, சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்கினாள். சாரா லாத்தாவின் கேள்விகள் அழியத் தொடங்கின.

பெட்டியின் பக்கம் குனிந்தாள்.

"நான்தான்" என்றாள். "இங்க யாரும் இல்ல. நான் மட்டுந்தான் பேசுதேன். எனக்கு அந்தக் கதை வேண்டாம். அலுத்துப்போச்சு. அன்னைக்கு எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னுதான் நல்லா இருக்குன்னு சொன்னேன். அந்தக் காப்டன் எக்கேடும் கெட்டுப் போகட்டும். அவரு என்ன தின்னாரு, எங்க விழுந்தாருன்னு எல்லாம் எனக்குத் தெரியுது. நீங்க என்ன தின்னீங்கன்னு தெரியல. உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு தெரியல. உங்க புள்ளைக்கு முன்பல்லு விழுந்துருக்கு, அது உங்களுக்குத் தெரியல. ஊருக்கு வாரீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. இல்லைன்னாலும் இல்லைன்னு சொல்லுங்க. கதவு வரைக்கும் வந்து நிப்பாட்டாதீங்க."

நிறுத்திவிட்டாள். நிறுத்திய இடத்துக்குப் பிறகு சாரா லாத்தாவின் வால் கொஞ்சம் மிஞ்சியிருந்தது: "...மறக்காமச் சொல்லிரணும், ஆமா!" அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பீர் முகம்மது கேஸட்டைக் கொண்டுபோனான். கொத்தனார் வந்தான், வராமல் இருந்தான். ஜைனம்பு வீட்டுச் சுவர் ஆள் உயரத்தைத் தாண்டியது. தெரு முழுக்க அந்தக் கதவுப் பேச்சுதான். வெளியில் நின்றது ஜின் என்று ஒரு கட்சி, காப்டனின் பெண்டாட்டி என்று சாரா லாத்தா. ரஹ்மத்துக்கு வேறு நினைப்பு. கோபித்துக்கொண்டாரோ? கேஸட்டே இனி வராதோ?

வந்தது. பெருநாளைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே பீர் முகம்மது வந்தான், கேஸட்டும் வந்தது. இதை மட்டும் தனியாகக் கேட்டுவிடலாம் என்று ரஹ்மத் நினைத்தாள். நடக்கிற காரியமா? அவன் தெருமுனையைத் தாண்டும்போதே முடுக்கில் செருப்புச் சத்தம். மாமி தன் இடத்தில் அமர்ந்தாள். புது பேட்டரி போட்டாயிற்று. இந்தத் தடவை சாரா லாத்தா வாடாகூடக் கொண்டுவரவில்லை, அவ்வளவு அவசரம்.

சலாம்கள் வந்தன. ஆனால் வேகமாக, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆயிஷாவுக்கும்..." என்று சொல்லிக் குரல் நின்றது. "ரஹ்மத்துக்கும் சலாம்."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மாமி மட்டும் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கதை இனிமேக் கிடையாது" என்றது குரல். "நான் அந்தத் தொடரப் பாத்தே ரொம்ப நாளாச்சு. ஆரம்பத்துல ஆசையாப் பாத்தேன். அப்புறம் அலுத்துப்போச்சு. ஒவ்வொரு வாரமும் இதோ செத்தான், இதோ செத்தான்னு நிப்பாட்டுறான். மறுவாரம் பாத்தா ஒருத்தனும் சாகல. வேல முடிஞ்சு வந்தா கண்ணத் தெறக்க முடியாது. உங்களுக்காக நானாத்தான் இட்டுக்கட்டிச் சொன்னேன். அந்தக் கதவுக்கு வெளியில யாரு நிக்காங்கன்னு எனக்கும் தெரியாது."

"ஏ அல்லாவே!" என்றாள் சாரா லாத்தா. "பூராம் பொய்யா?"

"இரும்புக் காக்காவுமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

பெட்டிக்குள் ஒரு இருமல். வறட்டு இருமல், லேசில் நிற்கவில்லை. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் ஃபேன் கிரீச்சிடும் சத்தம். பிறகு அவன் பேசினான். காலையில் ரொட்டியும் பருப்பும். இராத்திரியும் ரொட்டியும் பருப்பும். வேலை சிமெண்டு இறக்குகிற இடத்தில். தூசு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. இடது தோளைத் தூக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் ஊருக்குப் போய்விட்டான், அந்தக் கட்டில் காலியாகக் கிடக்கிறது.

இது ஒரு கதையா? சாரா லாத்தா நெளிந்தாள். "உல வெச்சுட்டு வந்தேன்ளா" என்று எழுந்தாள். அவளைத் தொடர்ந்து ஒருத்தி, பிறகு இருவர். சப்பென்று ஆகிவிட்ட முகத்தோடு எல்லாரும் முடுக்கு வழியே போய்விட்டார்கள். ரஹ்மத்தும் மாமியும்தான் மிச்சம்.

"அக்ரிமெண்ட்டுக் கடுதாசி வந்துருக்கு" என்றது குரல். "இன்னும் கையெழுத்துப் போடல. ஜைனம்பு வீட்டுக்குக் கூரை போடணும். போடாம வந்தா உம்மா முகத்த நான் எப்படிப் பாப்பேன்? பெருநாள் வரைக்கும் கம்பெனியில டயம் கேட்டுருக்கேன். அப்புறம் போட்டுருவேன். வாரேன்னு சொல்லி ஏமாத்த மாட்டேன் ரஹ்மத்து. இந்தத் தடவையும் வரல." மறுபடியும் இருமல். "புள்ளைக்கு எந்தப் பல்லு விழுந்துச்சு? மேல் பல்லா, கீழ்ப் பல்லா?"

டக்கென்று பட்டன் மேலே எழும்பியது. டேப் முடிந்துவிட்டது.

வரமாட்டார் என்று தெரிந்திருந்தும், 'வரல' என்று காதால் கேட்டபோது ரஹ்மத்துக்குத் தாங்கவில்லை. அழவும் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். மாமி எப்போதும் கேஸட் முடிந்ததும் கதையைப் பற்றி ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் எழுவாள். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இருமல் அவனுக்கு எப்பயிருந்துளா?"

"தெரியாது மாமி. முந்தி அவுங்க காப்டனப் பத்தித்தானே பேசினாவோ."

"சின்னப்புள்ளையில இப்படித்தான் இருமுவான். நெஞ்சுல எண்ணெய் தடவி மடியில போட்டுக்கிட்டு விடிய விடியக் கெடப்பேன்" என்றாள் மாமி. பிறகு, "இவ்வளவு நாளு அந்தக் கப்பல் கப்பல்னு கேட்டுக்கிட்டு இருந்துட்டேனே, நான் என்ன பொம்பள!" என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

ரஹ்மத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமி கையை உதறிவிட்டுக் கேஸட்டைக் காட்டினாள்.

"அதத் திருப்பிப் போடு. பதில் பேசணும்."

"எல்லாரும் வரட்டும் மாமி, நாளைக்கு..."

"ஒருத்தியும் வர வேண்டாம். போடுங்குறேன்."

ரஹ்மத் கேஸட்டைத் திருப்பிப் போட்டாள். மாமி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, டேப் ரிக்கார்டரைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சலாமும் இல்லை, துஆவும் இல்லை.

"வாப்பா, ஸதக்கு. உம்மா பேசுதேன். நீ கையெழுத்துப் போடாத. வந்துரு. ஜைனம்பு வீட்டுக்குச் சுவரு நிக்குதுல்லா, கூரை அது பாட்டுக்கு ஒருநாள் வரும். அவ மாமியார் வீட்ல நான் பேசிக்கிடுதேன். ஓலை போட்டு நிக்காஹ் நடந்தா ஆகாதுன்னு எந்தக் கிதாபுல எழுதியிருக்கு? நீ தூத்துக்குடியில பழைய வேலையப் பாரு. இருமிக்கிட்டு அங்கன கெடக்காத. நீ வந்துரு வாப்பா."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. மடியிலிருந்த பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ரஹ்மத்தும் அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எல்லாம் பதிஞ்சிச்சா?"

ரஹ்மத் அப்போதுதான் பார்த்தாள். சக்கரம் சுற்றவே இல்லை.

"மாமி, நான் சிவப்புப் பட்டன அமுக்கல."

மாமி அவளை ஒரு முறை முறைத்தாள். பிறகு பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

"அமுக்கு. இன்னொருக்காச் சொல்லுதேன்."